இரண்டு முறை கூட்டிய அரைமணி

அனுப்புநர்:
மாரியன் டிஸார்ட்,
கப்பல்துறைச் சாலை,
ஹேனா டிக்கிள், நியூஃபவுண்ட்லாந்து.

பெறுநர்:
திரு. ரூபர்ட் கிளூவெட் அவர்கள்,
இயக்குநர், வடகடல் பள்ளி வாரியம்,
லாப்ரடோர் அலுவலகம்.

பொருள்: ஹேனா டிக்கிள் இளையோர் சேர்ந்திசைக் குழுவின் ஹங்கேரிப் பயணம் – போட்டி மேடைக்குத் தாமதமாகச் சென்றது – இசை ஆசிரியர் திரு. கால்வின் பார்டி மீது எடுத்த நடவடிக்கையை விலக்கிக்கொண்டு, தவறை உரியவர் பெயரில் பதியக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிதம், நாள் 24.08.1998.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த ஊர்ச் சேர்ந்திசைக் குழுவில் பாடும் ஐவி என்ற பதினாறு வயதுப் பெண்ணின் தாய் நான். கடந்த ஜூலையில் முப்பத்தொரு பிள்ளைகள் ஹங்கேரிக்குப் போனபோது உடன் சென்ற பெரியவர்கள் நால்வரில் ஒருத்தி. எனக்குப் பாடத் தெரியாது. சேர்ந்து பாடினால் மனிதர்கள் மேம்படுவார்கள் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக, இந்தக் கரையின் துறைமுகங்களில் கடல் எந்த நேரத்தில் ஏறும், எந்த நேரத்தில் வற்றும் என்று கணக்கிட்டு அட்டவணை போடும் வேலையில் இருக்கிறேன். தகுதியைக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கீழே வரும் தவறைச் செய்தவர் எப்படிப்பட்டவர் என்று தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. தங்கள் கடிதத்தில் மூன்று முடிவுகள் உள்ளன. குழு போட்டிக்கு "வரவில்லை" என்று வாரியத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குக் குழு எங்கும் பயணம் போகக் கூடாது. கவனக்குறைவுக்காகத் திரு. பார்டி, வரும் அக்டோபர் முடிவில் குழுவின் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். இந்த மூன்றும் திரு. பார்டி தாமே எழுதிக் கொடுத்த அறிக்கையின் ஒரே வரியில் நிற்கின்றன: "தாமதத்துக்கு முழுப் பொறுப்பு என்னுடையது." அந்த வரி உண்மையல்ல. அவரோடு பதினோரு நாள் ஒரே பேருந்தில் போனவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர் எழுதிய பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தாமதத்துக்குக் காரணம் நான்.

3. நடந்ததைச் சொல்லும் முன், குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயணத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஒத்திகையைப் பார்க்கப் போனேன். பாட்டு நடுவில் இருக்கும்போதே ஒரு பையன் கையை உயர்த்தி இறக்கினான். சிறிது நேரத்தில் முன்வரிசையில் ஒரு சிறுமி. பிறகு என் மகள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிறார்கள், இந்த மனிதர் கண்டுகொள்ளாமல் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இடைவேளையில் அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். திரு. பார்டி வெகுநேரம் சிரித்தார். பாடும்போது தப்புச் செய்தவர், செய்தது தமக்குத் தெரியும் என்று காட்டத் தாமே கையை ஒரு முறை உயர்த்த வேண்டும் என்பது குழுவின் விதியாம். உயர்த்திவிட்டால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பாட்டும் நிற்காது. உயர்த்தாவிட்டால் அவர் பாட்டை நிறுத்தி, தப்பு எங்கே என்று தேட வேண்டும். முப்பது பேர் சும்மா நிற்க வேண்டும். வகுப்பறையில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அப்போது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

4. பயண நேரங்களைத் தாளில் போட்டுத் தரும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே எத்தனை மணி, இங்கே எத்தனை மணி என்று இரண்டு கட்டம். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரதி. ஒரு பெற்றோர் திரு. பார்டியிடம், நேரத்தை எல்லாம் சரிபார்த்தாயா என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது: "மிஸ்ஸஸ் டிஸார்ட் போட்ட நேரத்த நான் பாக்கறதா? கடலே அதப் பாத்துட்டுத்தான் ஏறுது."

5. எங்கள் அரைமணியைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உலகம் முழு மணிகளாகத் தள்ளிப்போகும்போது இந்தத் தீவு மட்டும் அரைமணி விலகி நிற்கிறது. தலைநகரிலிருந்து வரும் அறிவிப்பு எதுவானாலும் அரைமணியைக் கூட்டிக்கொண்டுதான் கேட்கிறோம். வானொலியில் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு, நியூஃபவுண்ட்லாந்தில் அரைமணி தள்ளி என்று ஒட்டுப்போடுவார்கள். பாதி நேரம் அதையும் மறந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது "உங்கள் நேரப்படி" என்று சொன்னால் அது எங்கள் நேரமாக இருக்காது, எங்களுக்கு அரைமணி பின்னால் இருக்கும் கனடாவின் கண்டத்துக் கரையின் நேரமாக இருக்கும். பிறந்ததிலிருந்து கூட்டிக் கூட்டி, எங்களுக்கு அது கண் இமைப்பது போல ஆகிவிட்டது.

6. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை இரண்டாம் தேதி, விழா அலுவலகத்திலிருந்து சில்லா என்ற இளம்பெண் தொலைபேசியில் என்னை அழைத்தாள். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் எங்கள் குழுவுக்குப் போட்டிருந்த ஞாயிறு காலை மாறிவிட்டது. சனிக்கிழமை பதினோராம் தேதி பிற்பகலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தொடர்பு சரியில்லை. அவள் குரல் ஒரு வாளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. வீட்டிலிருப்பவர்களும் அந்த நேரத்தில் எங்களை நினைத்துக்கொள்ளலாம் அல்லவா, அதற்காக நேரத்தை உங்கள் ஊர்க் கடிகாரப்படியே சொல்கிறேன் என்றாள். காலை பத்தரை என்றாள்.

7. நான் நன்றி சொல்லி வைத்துவிட்டு, பென்சிலில் "10.30" என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன். கண்டத்துக் கரையின் நேரத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள், நம் அரைமணி அவளுக்கு எப்படித் தெரியும் என்று எண்ணி "11.00" என்று எழுதினேன். ஹங்கேரி எங்களுக்கு நான்கரை மணி முன்னால். ஆகவே பிற்பகல் மூன்றரை. அங்கே எத்தனை மணி என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஐம்பது வயதை நெருங்கும் எனக்கு, இந்த வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெளியூர்க்காரர் எங்கள் அரைமணியை நினைவில் வைத்திருந்தார். நான் நம்பவில்லை. நடந்த தவறு இவ்வளவுதான். அந்தத் தாளை, அடித்த கோடு தெரியும்படி, இத்துடன் இணைத்துள்ளேன்.

8. விழா நடந்த ஊரிலிருந்து முக்கால் மணி தூரத்தில் ஒரு பள்ளி விடுதியில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். முதல் ஆறு நாட்களைப் பற்றி விரிவாக எழுத இந்த மனுவில் இடமில்லை. ஆனாலும் தங்கள் பதிவேட்டில் ஒன்றுமே இல்லாததால் இரண்டு வரி சொல்கிறேன். பிள்ளைகள் நான்கு கிராமங்களில் பாடினார்கள். நான்கிலும் பாட்டு முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரவைத்து, முதலில் குளிர்ந்த புளிப்புச் செர்ரி சூப்பைக் கொடுத்தார்கள். இனிப்பை முதலில் கொடுத்துவிட்டார்கள், சாப்பாடு முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்து எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டார்கள். இரண்டாவது ஊரிலிருந்து உட்கார்ந்தே இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

9. பேருந்து ஓட்டுநர் லாயோஷ் மூன்றாம் நாள் வரை யாரிடமும் பேசாதவர். மூன்றாம் நாள் ஒத்திகையை ஓரமாக நின்று கேட்டுவிட்டுத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: "அம்மா, இந்தப் பிள்ளைங்க எப்பத்தான் மூச்சு விடுது?" எனக்கும் தெரியவில்லை. ஐவிதான் சொன்னாள். நீளமான சுரத்தில் பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நாம் எடுக்கக் கூடாது. அவர் நிறுத்தும் இடத்தை நாம் பாடி மூட வேண்டும். அவர் திரும்பி வந்ததும் நாம் எடுத்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு ஒரே மூச்சு போலத் தெரியும். லாயோஷ் அதைத் தம் மொழியில் தமக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு எந்த ஒத்திகையையும் அவர் விடவில்லை.

10. பதினோராம் தேதி, என் தாளின்படி, மூன்று இருபதுக்கு மண்டபத்தின் முன் இறங்கினோம். பெரிய கதவு சாத்தியிருந்தது. வாசலில் கழுத்தில் சாவிக்கொத்தோடு ஒரு வயதான பெண்மணி; அங்கே எல்லோரும் அவரை எர்ஷி அத்தை என்றார்கள். அவர் தலையை ஆட்டினாரே தவிரக் கதவைத் திறக்கவில்லை. சில்லா ஓடி வந்தாள். மூன்று மணிக்கு எங்கள் பெயரை மூன்று முறை அழைத்தார்களாம். ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பத்தரைன்னுதானே சொன்னேன் மேடம். உங்க தீவுக்கு மட்டும் அரைமணி தனின்னு புத்தகத்துல தேடிப் பாத்து வெச்சிருந்தேனே."

11. அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற திரு. பார்டிக்கும் தெரிந்துவிட்டது. மண்டப மேலாளர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து, இந்தக் குழுவுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், உண்மையைச் சொன்னால், திறக்கலாமா என்று யோசிப்பதற்குள், திரு. பார்டி கையை உயர்த்தினார். ஒத்திகையில் பிள்ளைகள் செய்வது போலவே ஒரு முறை உயர்த்தி இறக்கினார். மேலாளர் எங்கள் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். தங்களுக்கு வந்திருக்கும் தாள் அதன் நகல்.

12. பிள்ளைகள் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை; ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரு. பார்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனெனில் அதற்குப் பிறகு நடந்தது முழுக்க அதிலிருந்து வந்தது: "நம்ம தாள்படி இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. மூணரைக்குப் பாடறோம்னு சொன்னோம், மூணரைக்குப் பாடுவோம். உள்ள பாடணும்னு யாரும் சொல்லலையே. ஏறி நில்லுங்க. சட்டைய இழுத்து விடு, வால்டர்."

13. மூன்றரைக்குப் பாடினார்கள். மண்டபத்தின் வெளிப்படிக்கட்டு பதினாறு படிகள் கொண்டது. கீழ்க்குரல்கள் மேலே, சிறியவர்கள் கீழே. அன்று வெயில் கடுமை. மண்டபத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே அப்போது நடுவர்களுக்குக் காபி இடைவேளை என்பது எங்களுக்குத் தெரியாது. முதலில், எங்கள் கரையில் துடுப்புப் போடும்போது பாடும் பாட்டு ஒன்றைத் திரு. பார்டி நான்கு குரல்களுக்கு அமைத்திருந்ததைப் பாடினார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். இரண்டாவது, அவர்கள் மொழிப் பாட்டு. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் எட்டு மாதம் ஒலியாகவே படித்தது. இரண்டாவது அடியில் எர்ஷி அத்தை சாவிக்கொத்தைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டார், சத்தம் வரக் கூடாது என்று.

14. மூன்றாவது பாட்டு அந்த நீளமான சுரத்தில் முடியும். நான் படிக்கட்டின் பக்கவாட்டில், அவர்கள் முகம் தெரியும்படி நின்றிருந்தேன். யார் எப்போது மூச்சு எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். அது என் தொழில் புத்தி. எண்ண முடியவில்லை. நேரம் தப்பி வந்து, கதவு சாத்தப்பட்டு, வெயிலில் நின்ற முப்பத்தொரு பேரும் ஒருவர் விட்ட இடத்தை ஒருவர் மூடிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சுரம் எங்கும் ஓட்டை விழாமல் நின்றது. எனக்குச் சட்டென்று கண்ணீர் வராது. அன்றும் வரவில்லை. ஆனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது.

15. முடிந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. ஜன்னல்களிலும் தெருவிலும் இருந்தவர்கள் முதலில் நம்மைப் போலத்தான் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் ஒரே தாளத்தில், டப், டப், டப் என்று, அதிகாரி மேசையைத் தட்டுவது போலத் தட்டத் தொடங்கினார்கள். இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக இறங்கிப் பேருந்தை நோக்கி நடந்தார்கள். திரு. பார்டியும் நடந்தார். நானும் நடந்தேன். சில்லா குறுக்கே ஓடி வந்து இரண்டு கையையும் விரித்தாள்: "எங்க போறீங்க? இன்னொண்ணு பாடுங்கன்னு கேக்கறாங்க." என் மகள் அவளிடம், "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? பாதி பேரு அழுது முடிச்சாச்சு" என்றாள். திரும்பி ஏறி இன்னும் மூன்று பாட்டுப் பாடினார்கள். பட்டியலில் அடுத்து இருந்த குழு, தங்கள் நேரம் போகிறதே என்று முணுமுணுக்காமல், படிக்கட்டின் அடியில் நின்று கேட்டது. கடைசியில் எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பார்ட்ரிட்ஜ்பெரிப் பழ ஜாம் புட்டிகளில் ஒன்றை எர்ஷி அத்தையிடம் கொடுத்தார்கள். அவர் அப்போதுதான் கதவைத் திறந்தார், தண்ணீர் குடிக்க வரச் சொல்லி.

16. நடுவர் குழுவின் தலைவி மறுநாள் விடுதிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். விதிப்படி அவர்களால் மதிப்பெண் தர முடியவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. கடிதம் மூன்றே வரி: "பட்டியலின்படி இந்தக் குழு வரவில்லை. படிக்கட்டுக்கு வந்தது. நாங்கள் ஐவரும் காபியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலில் நின்று கேட்டோம்." திரு. பார்டி இதைத் தம் அறிக்கையோடு அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். வராத குழுவுக்கு வந்த பாராட்டுக் கடிதத்தை வாரியத்துக்கு அனுப்பினால் சாக்குச் சொல்வது போல இருக்கும் என்றார். அவரிடமிருந்து கேட்டு வாங்கி நான் இணைத்திருக்கிறேன்.

17. இனி எழுதப்போவது எனக்குக் கடினமானது. அன்று மாலை பேருந்தில் அவரிடம் என் தவறுதான் என்று சொன்னேன். தெரியும் என்றார். பிள்ளைகளிடம் சொல்லட்டுமா என்றேன். கை தூக்கியாகிவிட்டது, பாட்டும் முடிந்துவிட்டது, இனி யாருக்கும் அது தேவையில்லை என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். ஐவி மட்டும் அந்தத் தாளைப் பார்த்து அடித்த கோட்டைக் கண்டுபிடித்திருந்தாள். திரும்பும் விமானத்தில், பக்கத்து இருக்கையில், கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, நீ நேரம் போட்டுக் குடுத்த கப்பலெல்லாம் பத்திரமா இருக்கா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

18. ஆகஸ்ட் கடைசியில் தங்கள் கடிதம் வந்தது. செப்டம்பர் ஒன்பதாம் தேதி பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். தங்கள் கடிதத்தைத் தலைவர் படித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர், "படகுல வேலை பாத்தவனுக்குப் பாட்டு வந்தா போதுமா, மணி பாக்கத் தெரிய வேணாமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். திரு. பார்டி, கடலில் மீன் வற்றி அரசு மீன்பிடியை நிறுத்தும் வரை, தம் அண்ணனின் படகில் கோடைக்காலம் முழுக்க வேலை பார்த்தவர் என்பதும், கடலில் அவர் ஒரு முறைகூட நேரம் தப்பியதில்லை என்பதும் சிரித்தவர்களுக்கே தெரியும். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். கையை உயர்த்தினேன்.

தலைவர், "கேள்வியா, மிஸ்ஸஸ் டிஸார்ட்?" என்றார். இல்லை என்றேன். பேச விரும்புகிறீர்களா என்றார். அதுவும் இல்லை என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சுவரோரம் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த குழுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஐவி கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். திரு. பார்டி நிமிர்ந்து பார்த்து, ஒத்திகையில் செய்வது போலத் தலையை ஒரு முறை அசைத்தார். பிறகுதான் கூட்டத்துக்கு வாயால் சொன்னேன். பத்தரையை எடுத்துப் பதினொன்று ஆக்கிய கதையைக் கேட்டதும் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. பின்வரிசைக்காரர் மட்டும் சொன்னார்: "யம்மா, நானா இருந்தாலும் கூட்டித்தான் இருப்பேன். ஒருத்தன் நமக்குன்னு கணக்குப் போட்டுக் குடுப்பான்னு யாரு கண்டா?" அதன் பிறகு அவர் எழுந்து திரு. பார்டிக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

19. பயணத் தடையைப் பற்றி ஒரு சொல். மூன்று ஆண்டு என்பது பள்ளி வாரியத்துக்குச் சிறிய காலமாகத் தோன்றலாம். இந்த முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் அதற்குள் பள்ளியை முடித்திருப்பார்கள். மீன் போன பிறகு எங்கள் ஊரிலிருந்து வீடுகள் எப்படிக் காலியாகின்றன என்பது தங்கள் மாணவர் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. அந்த நீளமான சுரத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அருகில் நின்று தெரியாதவர்கள் பிடிக்கிறார்கள். மூத்தவர் மூச்சு எடுக்கும் இடத்தை இளையவர் மூடுகிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் அதை மறுபடி தொடங்க ஆள் இருக்காது. அடுத்த கோடையில் அந்த ஊரிலிருந்து இந்தக் குழுவை மறுபடி அழைத்திருக்கிறார்கள். அழைப்பில் நேரத்தை அவர்கள் கடிகாரப்படி மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

20. ஆகவே தங்களிடம் நான் பணிவுடன் கேட்பவை: திரு. கால்வின் பார்டியைக் குழுவிலிருந்து விலக்கும் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும். பயணத் தடையை நீக்க வேண்டும். பதிவேட்டில் "வரவில்லை" என்பதை அடித்துவிட்டு, "வந்தது; அரைமணி தாமதமாக, வெளிப்படிக்கட்டில் ஆறு பாட்டுகள் பாடியது" என்று எழுத வேண்டும். தாமதத்துக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். இனி பிள்ளைகளோடு துணைக்குப் போக நான் தகுதியற்றவள் என்று வாரியம் கருதினால் அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படிச் செய்தாலும் நேரத் தாளை நானே போட வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது. இனி இந்தத் தீவில் என்னை விடக் கவனமாக அதைப் போடுபவர் யாரும் இருக்க முடியாது என்பது ஐவியின் வாதம்.

21. கடைசியாக, வரும் அக்டோபர் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசியில் எங்கள் தரப்பைக் கேட்பதாகத் தங்கள் கடிதத்தில் உள்ளது. லாப்ரடோரில் தங்கள் மேசைக் கடிகாரத்துக்கும் இங்கே எங்கள் சுவர்க் கடிகாரத்துக்கும் அரைமணி வித்தியாசம் இருக்கிறது. பத்து என்பது எந்தப் பத்து என்று கடிதத்தில் இல்லை. இம்முறை நான் எதையும் கூட்டவில்லை, கழிக்கவில்லை. எங்கள் பத்துக்கும் இருப்போம், தங்கள் பத்துக்கும் இருப்போம். பள்ளி மண்டபத்துத் தொலைபேசியின் அருகில் திரு. பார்டியும் நானும், எங்கள் பின்னால் முப்பத்தொரு பேரும். இடையில் உள்ள அரைமணியில் பிள்ளைகள் ஒத்திகை பார்ப்பார்கள். தாங்கள் அழைக்கும்போது பாட்டுக் கேட்டால், அது முடியும் வரை தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருக்கும்படி வேண்டுகிறேன்.

தொலைபேசியில் உயர்த்திய கை தெரியாது. அதனால் இந்த மனு.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
மாரியன் டிஸார்ட்
(கையொப்பம்)

இடம்: ஹேனா டிக்கிள்
நாள்: 21.09.1998, பிற்பகல் 4.30, தீவின் நேரம்

இணைப்புகள்:
அ. பயண நேரத் தாள், பென்சில் திருத்தத்துடன் (அசல்).
ஆ. நடுவர் குழுத் தலைவியின் கடிதம்.
இ. செப்டம்பர் ஒன்பதாம் தேதிக் கூட்டக் குறிப்பின் நகல். இதில் "திருமதி டிஸார்ட் கேள்வி எதுவும் இல்லாமல் கை உயர்த்தினார்" என்று எழுதியிருக்கிறது. குறிப்பு சரியானதே; திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.